4294967297: 2³²-உடன் ஒன்றைக் கூட்டினால்

4294967297. சொல்லிப் பார்த்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பத்து இலக்கங்கள், பார்த்த மாத்திரத்தில் எந்த ஒழுங்கும் கண்ணில் படாது. ஆனால் எண் கோட்பாட்டின் வரலாற்றில் இந்தப் பத்து இலக்க எண்ணுக்குத் தனி இடம் உண்டு. ஒரு மாமேதையின் ஊகத்தை இது பொய்யாக்கியது. இன்னொரு மாமேதையை எண்களின் பக்கம் இழுத்து வந்ததிலும் இதற்குப் பங்கு உண்டு.

இந்த எண்ணைப் பற்றிக் கணிதக் குறிப்புகளில் தேடினால் ஒரு நீளமான பட்டியல் கிடைக்கும். ஒற்றை எண், பகு எண், இரண்டே பகாக் காரணிகள் கொண்டது, குறைவெண், ஐந்தாம் ஃபெர்மா எண், 2-ஐப் பொறுத்துப் போலிப் பகா எண், இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடியது என்று போகும். இவை தனித்தனிச் செய்திகள் போலத் தோன்றும். ஆனால் இவற்றில் முக்கியமானவை எல்லாமே ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேர் இதுதான்: இந்த எண் 2³² + 1. முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி, அதனுடன் ஒன்றைக் கூட்டியது. இதை விட்டுவிட்டு எண்ணின் குணங்களை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வரும்.

ஃபெர்மாவின் ஊகம்

2-இன் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் எப்போது பகா எண் கிடைக்கும்? அடுக்கில் 3, 5, 7 போல ஓர் ஒற்றைக் காரணி இருந்தால் கிடைக்காது. உதாரணமாக 2¹² + 1 = 4097. இதில் 12 என்பது 4 × 3. ஆகவே இந்த எண்ணை 2⁴-இன் மும்மடி கூட்டல் ஒன்று என்று பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் 2⁴ + 1, அதாவது 17, அதை வகுத்தே தீரும். 17 × 241 = 4097. எனவே அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போனால் மட்டுமே பகா எண்ணுக்கு வாய்ப்பு உண்டு.

அப்படிப் போனால் கிடைப்பவை 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். பிரான்ஸ் நாட்டு வழக்கறிஞரும் கணித மேதையுமான பியர் டி ஃபெர்மா 1640-இல் இதைக் கவனித்து, இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் அந்த நம்பிக்கையை அவர் விடவில்லை. பிற்காலக் கடிதங்களிலும் திரும்பத் திரும்ப எழுதினார். மூன்றை 0-ஆம் எண்ணாக வைத்து எண்ணுவது வழக்கம் என்பதால், 65537 நான்காம் ஃபெர்மா எண். ஐந்தாவதுதான் நம்முடைய 4294967297.

இங்கே ஒரு விஷயம் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. இந்த எண்ணை 3, 5, 7, 11 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் பொறுமையாக வகுத்துக்கொண்டே போனால் 116-ஆவது பகா எண்ணிலேயே விடை வந்துவிடும். கையால் செய்தாலும் ஓரிரு நாள் வேலைதான். அதோடு ஃபெர்மாவிடம் இதைவிடக் கூர்மையான கருவியும் இருந்தது. அதே 1640-இல் அவர் 2³⁷ − 1 என்ற எண்ணை 223 வகுக்கும் என்று கண்டுபிடித்தார். வகுக்கும் எண் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, பொருந்தாதவற்றைத் தள்ளிவிட்டுத்தான் அதைப் பிடித்தார். அதே வழியை இங்கே ஏன் கடைசிவரை நடத்திப் பார்க்கவில்லை என்பதற்கு விடை கிடையாது. ஒரு கணக்குப் பிழை நடந்திருக்கலாம் என்பதைத் தாண்டி யாராலும் எதையும் சொல்ல முடியாது.

சுமார் 90 ஆண்டுகளுக்கு அப்புறம், 1729 டிசம்பர் 1 அன்று, கணித அறிஞர் கிறிஸ்டியன் கோல்ட்பாக் இளைஞர் லியோனார்ட் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா, இதை யாரும் நிரூபித்ததாக எனக்குத் தெரியவில்லை என்று அதில் கேட்டிருந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லருக்கு முதலில் இதில் பெரிய ஈடுபாடு வரவில்லை. பிறகு உள்ளே இறங்கினார். 1732-இல் விடையைச் சொன்னார்: 4294967297 = 641 × 6700417.

641 எப்படிச் சிக்கியது

இந்தக் கதையில் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. 641 தற்செயலாகக் கிடைத்த எண் அல்ல. அது ஒளிந்திருக்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு என்பது எண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஏதோ ஒரு பகா எண் 2³² + 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்தப் பகா எண்ணால் 2³²-ஐ வகுத்தால் மீதி −1, அதாவது சரியாக வகுபட ஒன்று குறைகிறது. இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. ஆக 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் மீதிகளைக் குறித்தால், அவை 64 படிகளுக்கு ஒருமுறை மறுபடியும் 1-க்கு வந்து சேர்கின்றன. அதற்கு முன்பே வந்து சேராது. 32-ஆவது படியில் −1 நிற்பது அதற்கு உத்தரவாதம். இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றம் என்று நாம் படிக்கும் விதி, பகா எண்ணை விட ஒன்று குறைந்த அடுக்கில் மீதி நிச்சயம் 1 என்கிறது. இரண்டையும் சேர்த்தால், அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 64-இன் மடங்காக இருக்க வேண்டும்.

அதாவது தேட வேண்டியவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்ற வரிசையில் மட்டுமே. இதில் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் பூட்டு திறந்துவிடும்.

1878-இல் எதுவார் லூக்கா இதை இன்னும் இறுக்கினார். 64-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில் உள்ள பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அத்தகைய பகா எண்களுக்கு ஒரு குணம் உண்டு: ஏதோ ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை அவற்றால் வகுத்தால் மீதி 2 வரும். அந்த முழு எண்ணை எடுத்து அடுக்கிக்கொண்டே போனால் சுற்று 64-க்குப் பதிலாக 128 படிகள் ஆகும். ஆகவே காரணிகள் 128-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில்தான் இருக்க முடியும். இப்போது வரிசை 129, 257, 385, 513, 641 என்று சுருங்குகிறது. பகா எண்கள் 257, 641 இரண்டே.

அதிலும் 257-ஐ முயன்று பார்க்கவே வேண்டாம். அது ஒரு ஃபெர்மா எண். ஃபெர்மா எண்களுக்குள் ஓர் அழகான உறவு உண்டு: முதலிலிருந்து வரிசையாகப் பெருக்கி இரண்டைக் கூட்டினால் அடுத்தது வந்துவிடும். 3 × 5 + 2 = 17. 3 × 5 × 17 + 2 = 257. இப்படியே 3 × 5 × 17 × 257 × 65537 + 2 = 4294967297. எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி ஒன்று இருந்தால் அது இந்த 2-ஐயும் வகுக்க வேண்டும். எல்லாமே ஒற்றை எண்கள் என்பதால் அது நடக்காது. ஆகவே இவை ஒன்றுக்கொன்று சார்பகா எண்கள். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதற்கும் இதிலிருந்தே ஒரு நிரூபணம் கிடைக்கிறது என்று 1730-இல் கோல்ட்பாக் எழுதினார். ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் ஒரு புதிய பகா எண்ணையாவது கொண்டுவந்தாக வேண்டும் அல்லவா?

சரி, 257 போய்விட்டது. மிச்சம் இருப்பது 641. முதல் அடியே வெற்றி.

641 வகுக்கிறது என்பதை நீளமான வகுத்தல் எதுவும் செய்யாமலேயே காட்டலாம். 641-ஐ இரண்டு விதமாக எழுதிக்கொள்ளுங்கள்: 5 × 128 + 1 ஒன்று, 625 + 16 இன்னொன்று. அதாவது 5 × 2⁷ + 1, அப்புறம் 5⁴ + 2⁴. முதலாவது சொல்வது, 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. நான்கு முறை பெருக்கினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவது சொல்வது, 641-ஐப் பொறுத்தவரை 5⁴-உம் −2⁴-உம் ஒன்றே. 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴-ஐப் போட்டால், −2³²-க்கு மீதி 1. ஆகவே 2³² + 1-க்கு மீதி சைபர். இவ்வளவுதான். எண் கோட்பாட்டில் இதற்கு இணையான சுருக்கமான வாதங்கள் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஸேரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன் மனக்கணக்கில் புகழ்பெற்றவன். 1812-இல் லண்டனில் அவனிடம் இந்த எண் பகா எண்தானா என்று கேட்டார்கள். இல்லை, 641 வகுக்கும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிட்டான். அப்போது அவனுக்கு வயது சுமார் எட்டு.

மிச்சமிருக்கும் 6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் சுமார் 2588. அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. 6700417-இன் காரணி எதுவும் மூல எண்ணின் காரணியும் ஆகும் என்பதால் 128 விதி இங்கேயும் பொருந்தும். 2588 வரை அந்த வடிவில் உள்ள பகா எண்கள் ஐந்துதான்: 257, 641, 769, 1153, 1409. இவற்றால் 6700417-ஐ வகுத்தால் வரும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றுகூட சைபர் இல்லை. அவ்வளவுதான், 6700417 பகா எண். ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்பதை ஐந்தே வகுத்தலில் உறுதி செய்வது, அதன் பிறப்பு தெரிந்திருந்தால் மட்டுமே முடிகிற காரியம்.

காரணிகள் கைக்கு வந்துவிட்டதால் வழக்கமான வகைப்பாடுகளை விரைவாக முடித்துவிடலாம். எண்ணை வகுப்பவை நான்கு: 1, 641, 6700417, அதுவே. தன்னைத் தவிர்த்த மற்ற மூன்றின் கூட்டல் 6701059. மூல எண்ணோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஆகவே இது குறைவெண், அதுவும் வெகுவாகக் குறைந்த எண். நான்கு வகுத்திகளின் மொத்தக் கூட்டல் 4301668356. இதற்குக் கீழே இதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் 640 × 6700416 = 4288266240, அதாவது கிட்டத்தட்ட எல்லாமே. கடைசி இலக்கம் 7. 17-இலிருந்து எல்லா ஃபெர்மா எண்களும் 7-இல்தான் முடியும். கடைசி இரண்டு இலக்கங்கள் 17, 57, 37, 97 என்று மாறி மாறி வரும்.

பகா எண்ணாகத் தோன்றும் பகு எண்

ஓர் எண் பகா எண்ணா என்று காரணி தேடாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. மேலே சொன்ன சிறு தேற்றம்தான்: 2-ஐ, அந்த எண்ணை விட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுக்க வேண்டும். மீதி 1 வராவிட்டால் அது நிச்சயம் பகு எண். 1 வந்தால் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நம் எண்ணில் இந்தச் சோதனை ஏமாந்துவிடுகிறது. எண்ணை விட ஒன்று குறைந்தது 2³². ஆகவே கேள்வி, 2-ஐ 2³² என்ற பிரம்மாண்டமான அடுக்குக்கு உயர்த்தினால் மீதி என்ன என்பது. ஆனால் 2⁶⁴-க்கே மீதி 1 என்று பார்த்துவிட்டோம். 2³² என்பது 64-இன் மடங்கு. எனவே மீதி 1-தான். இதைவிடக் கண்டிப்பான வடிவில், வர்க்கமூலங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் 2-ஐ வைத்து இந்த எண்ணை மாட்ட வைக்க முடியாது. 2, 4, 16, 256, 65536, அப்புறம் −1 என்று பகா எண்ணுக்குரிய ஒழுங்கிலேயே படிகள் போகின்றன. எந்த 2-ஆல் இந்த எண் கட்டப்பட்டதோ அதே 2-இடம் அதைப் பற்றிக் கேட்டால் உண்மை வராது. இந்தக் குணம் எல்லா ஃபெர்மா எண்களுக்கும் உண்டு. ஒவ்வொன்றும் பகா எண்ணாக இருக்கும், இல்லாவிட்டால் 2-ஐப் பொறுத்துப் போலிப் பகா எண்ணாக இருக்கும்.

3-இடம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். 3-ஐ 32 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். காரணி தெரிந்த நமக்கு இதைச் சரிபார்க்க இன்னும் சுலபமான வழி உண்டு. 641-ஆல் வகுத்த மீதிகளை மட்டும் பாருங்கள்: 3⁸-க்கு 151, 3¹⁶-க்கு 366, 3³²-க்கு 628, 3⁶⁴-க்கு 169, 3¹²⁸-க்கு 357. இறுதியில் 1-க்கு வந்து நிற்பதாக இருந்தால் 640-ஐ வகுக்கக்கூடிய இரண்டின் அடுக்குகளில் மிகப் பெரியதான 128-க்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆக 3 கைவிரித்துவிட்டது. இது பகா எண் இல்லை.

1877-இல் தியோஃபில் பெப்பான் ஃபெர்மா எண்களுக்கென்று ஒரு துல்லியமான சோதனையை வகுத்தார். அவர் 5-ஐப் பயன்படுத்தினார், இன்று 3-ஐ வைப்பதே வழக்கம். எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதில் பாதி அடுக்குக்கு 3-ஐ உயர்த்தும்போது மீதி −1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண், நடுவே சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்தச் சோதனையின் பலம் ஒரு விசித்திரமான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது: 20-ஆம், 24-ஆம் ஃபெர்மா எண்கள் பகு எண்கள் என்பது உறுதி, ஆனால் அவற்றின் ஒரு காரணிகூட யாருக்கும் தெரியாது.

இரண்டு வர்க்கங்கள், இரண்டு விதம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 4294967297 = 65536² + 1² என்பது எழுதும்போதே தெரிகிறது, 2³² என்பது 65536-இன் வர்க்கம்தானே. ஆனால் இன்னொரு விதமும் உண்டு:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297.

ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால் ஒரே விதமாகத்தான் முடியும் என்பது ஆய்லர் நிரூபித்த உண்மை. இங்கே இரண்டு விதம் கிடைத்துவிட்டதால், வேறு எந்தச் சோதனையும் இல்லாமலேயே இது பகு எண்.

அந்த இரண்டாவது விதம் எங்கிருந்து வந்தது? காரணிகளைப் பார்த்தால் புரிந்துவிடும். 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக அமைந்த எண்கள் இரண்டைப் பெருக்கினால் வருவதும் அப்படியே அமையும், அதுவும் இரண்டு வழிகளில். ஏழாம் நூற்றாண்டில், 628-இல், பிரம்மகுப்தர் எழுதிய நூலில் உள்ள முற்றொருமைதான் இதற்கு அடிப்படை. இங்கே அதைப் போட்டுப் பார்ப்போம்.

25 × 2556 = 63900. 4 × 409 = 1636. 25 × 409 = 10225. 4 × 2556 = 10224.

ஒரு வழி: 63900-இலிருந்து 1636-ஐக் கழித்தால் 62264, 10225-உடன் 10224-ஐக் கூட்டினால் 20449. மறு வழி: 63900-உடன் 1636-ஐக் கூட்டினால் 65536, 10225-இலிருந்து 10224-ஐக் கழித்தால் 1.

அந்தக் கடைசி 1-ஐப் பாருங்கள். 10225-உம் 10224-உம் ஒன்றே ஒன்றில் விலகி நிற்பதால்தான் 65536² + 1² கிடைக்கிறது. 2³² + 1-இல் உள்ள அந்த +1, காரணிகளுக்குள் இந்த நூலிழை வித்தியாசமாக ஒளிந்திருக்கிறது.

திரும்பி வரும் பாதையும் உண்டு. இரண்டு விதங்கள் தெரிந்தால் காரணியை வெளியே எடுக்க ஆய்லர் வழி காட்டியிருக்கிறார். 65536-க்கும் 62264-க்கும் வித்தியாசம் 3272, கூட்டல் 127800. 20449-க்கும் 1-க்கும் வித்தியாசம் 20448, கூட்டல் 20450. 3272-க்கும் 20448-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 8. 127800-க்கும் 20450-க்கும் அது 50. இப்போது 8² + 50² = 2564. நான்கால் வகுத்தால் 641. பிடித்தாயிற்று.

பலகோணங்களும் பாஸ்கல் முக்கோணமும்

1796-இல் 18 வயதான கார்ல் ஃபிரெட்ரிக் காஸ், 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணத்தை இப்படி வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். போதுமான நிபந்தனை என்று காஸ் 1801-இல் காட்டினார். வேறு எதுவும் முடியாது என்பதை 1837-இல் பியர் வான்ட்ஸெல் நிரூபித்தார். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்து. அவற்றிலிருந்து 31 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாவற்றையும் பெருக்கினால் கிடைக்கும் மிகப் பெரியது 4294967295, நம் எண்ணை விட இரண்டு குறைவு. 4294967295 பக்கங்கள் கொண்ட பலகோணத்தைக் கொள்கையளவில் வரையலாம். 4294967297 பக்கங்கள் கொண்டதை எந்தக் காலத்திலும் வரைய முடியாது.

இதே எல்லைக்கோடு பாஸ்கல் முக்கோணத்திலும் தெரியும். ஓரங்களில் 1 போட்டு, மேலே அடுத்தடுத்து உள்ள இரண்டு எண்களைக் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டே போகும் எண் முக்கோணம் அது. முக்கோணத்தில் ஒற்றை எண் வரும் இடத்தில் 1, இரட்டை எண் வரும் இடத்தில் 0 போட்டு, ஒவ்வொரு வரியையும் ஓர் இரும எண்ணாக வாசியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முதல் வரியின் 1-ஐ விட்டுவிட்டால், 32-ஆவது வரி வரை வருபவை வரையக்கூடிய அந்த 31 எண்கள்தான், ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை. 32-ஆவது வரி 4294967295, முப்பத்திரண்டும் ஒன்றுகள். 33-ஆவது வரியில் இரு முனைகளிலும் ஒன்று, நடுவே 31 சைபர்கள். அதை வாசித்தால் 4294967297. முக்கோணத்தின் ஒழுங்கு கலையவில்லை. பலகோணங்களோடு அதற்கு இருந்த பொருத்தம்தான் இந்த வரியில் அறுந்துபோகிறது.

கணினிகளுக்கும் இந்த இடம் நன்கு பழக்கம். 32 பிட் இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4294967295. பழைய வகை இணைய முகவரிகளின் மொத்த எண்ணிக்கை 4294967296. நம் எண்ணை எழுத 33 பிட் வேண்டும். 32 பிட் இடத்தில் வலிய அடைத்தால் மேல் பிட் உதிர்ந்து 1 மட்டும் நிற்கும். 2³² + 1 என்ற பெயரிலேயே இதுவும் அடக்கம்.

அடுத்தவை

ஆறாம் ஃபெர்மா எண் 20 இலக்கங்கள் கொண்டது: 18446744073709551617. 274177 அதை வகுக்கிறது. 1855-இலேயே தாமஸ் கிளாவ்சன் காஸுக்கு எழுதிய கடிதத்தில் இது இருந்தது, ஆனால் வெளியே தெரியவில்லை. 1880-இல் ஃபார்ச்சூனே லாண்ட்ரி தனியாகக் கண்டுபிடித்தார். லூக்காவின் விதி இங்கே 256-இன் மடங்கோடு ஒன்று என்று மாறும்; 256 × 1071 + 1 = 274177. ஏழாவதை உடைக்க 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, எட்டாவதுக்கு 1980, ஒன்பதாவதுக்கு 1990. பன்னிரண்டாவதின் காரணிகள் இன்றுவரை முழுமையாகத் தெரியாது.

ஐந்தாவதிலிருந்து முப்பத்திரண்டாவது வரை எல்லாமே பகு எண்கள் என்று உறுதியாகிவிட்டது. எல்லாம் பகா எண்கள் என்று ஃபெர்மா நினைத்தார். ஆனால் 65537-க்கு அப்புறம் ஒரு ஃபெர்மா பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. இனி கிடைக்கவே கிடைக்காது என்று பலர் கருதுகிறார்கள், ஆனால் அதற்கும் நிரூபணம் இல்லை. பகு எண்களாக உள்ள ஃபெர்மா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பதைக்கூட யாரும் நிரூபிக்கவில்லை.

நிலை தெரியாதவற்றில் முதலாவது 33-ஆம் ஃபெர்மா எண். அதற்கு 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். பெப்பான் சோதனையை அதன் மீது நடத்த 858 கோடிக்கும் மேற்பட்ட முறை வர்க்கப்படுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் அந்த 258 கோடி இலக்கங்களோடு. அதனால் இப்போதைக்குக் காரணி தேடுவதுதான் நடைமுறை வழி. அதைத் தேடுபவர்கள் 641-ஐக் காட்டிக்கொடுத்த அதே விதியைத்தான் கையில் எடுக்கிறார்கள், 128-க்குப் பதிலாக 34359738368-ஐப் போட்டு.